முதல் வரி முருகவேல், கடைசி வரி அந்தோணி

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் யாழினி என் வீட்டுக் கூடத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு கணக்குப் போட்டாள். போட்டாள் என்று பழக்கத்தில் சொல்லிவிட்டேன். புத்தகத்துக்கு மேலே போனைப் பிடித்துப் படம் எடுத்தாள், அவ்வளவுதான். போன் கணக்கைப் படித்துப் பார்த்து, விடையைப் பெரிய எழுத்தில் காட்டியது. அதற்குக் கீழே 'வழிமுறையைக் காண்க' என்று ஒரு பட்டன் இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. விடையை நோட்டில் எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போனாள்.

"அத அமுக்கலையா?" என்றேன்.

"எதுக்கு சித்தி? ஆன்ஸர் வந்துடுச்சே."

பண்ருட்டியிலிருந்து அப்பா கொடுத்தனுப்பியிருந்த பலாச்சுளைகளைத் தட்டில் வைத்து அவள் பக்கம் தள்ளினேன். என் பிழைப்பே வழிமுறைதான். ஒரு மென்பொருளில் பிழை இருந்தால், அது எந்த வரிசையில் போனால் வருகிறது என்று ஒன்று, இரண்டு, மூன்று போட்டு எழுதிக் கொடுக்கிற வேலை. 'பிழை இருக்கிறது' என்று மட்டும் சொன்னால் எங்கள் ஆபீஸில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வீட்டிலும் இந்தப் புத்தி போகவில்லை. கடற்கரைக்குப் போவதற்குக்கூட நான் பட்டியல் போடுவதாக அக்கா கேலி செய்வாள். ஒரு முறை அந்தப் பட்டியலில் 'கடல் பார்த்தல்' என்பது நான்காவதாக இருந்தது என்று இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

சுளை ஒழுகித் தரையெல்லாம் பிசுபிசுத்தது. ஈரத்துணியால் துடைத்தேன். நனைந்த தரையின் வாடையும் பலாவின் வாடையும் சேர்ந்து மூக்கில் ஏறியதும், துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இந்த இரண்டு வாடையும் சேர்ந்த இடம் உலகத்திலேயே ஒன்றுதான் எனக்கு. நெய்வேலியில் நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸின் முன் வராந்தா. இன்னும் ஒரு வாடை குறைகிறது, அது சாக்பீஸ்.

அது நான் இன்ஜினியரிங் முடித்த வருஷம். வேலை கிடைத்துவிட்டது, எப்போது வந்து சேர வேண்டும் என்றுதான் கடிதம் வரவில்லை. மாதங்கள் போய்க்கொண்டே இருந்தன. பார்ப்பவர்கள் எல்லாம் "எப்பம்மா கூப்பிடுறாங்க?" என்றார்கள். பிளாக்கில் இருக்கிற எல்லாருக்கும் என் கதை தெரியும். குவார்ட்டர்ஸ் வாழ்க்கை அப்படி. ஒரு வீட்டில் குக்கர் விசில் அடித்தால் பக்கத்து வீட்டில் அடுப்பை அணைப்பார்கள். அதனால் நான் வெளியே தலை காட்டாமல், மத்தியானங்களில் தூங்கி, சாயங்காலங்களில் தலைவலி என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்பா சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் ஆப்பரேட்டர். ஒரு நாள் முதல் ஷிஃப்ட் முடிந்து வரும்போது கூடவே இரண்டு பேர் ஒரே மொபட்டில் வந்து இறங்கினார்கள். இருவர் மேலும் மண், புருவத்தில்கூட. பின்னால் உட்கார்ந்திருந்தவர் மடியில் ஒரு முழுப் பலாப்பழத்தைக் குழந்தையைப் போலப் பிடித்திருந்தார்.

வண்டி ஓட்டி வந்தவர் முருகவேல் அண்ணன். உயரம், ஒல்லி, எதைச் சொல்வதற்கு முன்னாலும் தொண்டையைச் செருமிக்கொள்வார். பழத்தோடு வந்தவர் அந்தோணி அண்ணன். குள்ளம், கட்டை, சிரித்தால் கண் மூடிக்கொள்ளும். இருவருக்கும் காடாம்புலியூர் பக்கத்தில் ஒரே ஊர். சொந்தம் எதுவும் கிடையாது, ஆனால் சின்ன வயதிலிருந்தே மாமா, மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். அப்பாவின் பிரிவில் கான்ட்ராக்ட்டில் வேலை செய்தார்கள்.

கான்ட்ராக்ட் ஆட்களில் சிலரைப் பர்மனென்ட் ஆக்க ஒரு பரீட்சை வைக்கப்போகிறார்கள் என்று அறிவிப்பு வந்திருந்தது. இடம் கொஞ்சம், ஆள் நிறைய. பரீட்சையில் பாதிக்கு மேல் பள்ளிக்கூடக் கணக்கு. சராசரி, விகிதம், சதவீதம், ஆளும் வேலையும், தொட்டியும் குழாயும். முருகவேல் அண்ணனுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. அடுத்த முறை வைத்தால் அவருக்கு வயது தாண்டியிருக்கும்.

"பர்மனென்ட் ஆனா குவார்ட்டர்ஸ் குடுப்பாங்க. பொண்ணு இங்க ஸ்கூல்ல படிக்கும். இப்ப பஸ்ஸுல தொங்கிக்கினு போயிக்கினு கெடக்குது" என்றார்.

"நீங்கண்ணா?" என்று அந்தோணி அண்ணனைக் கேட்டேன்.

"நான் சும்மா, இவருக்குத் தொணைக்கி. நான் கணக்குல முட்ட வாங்கி வாங்கியே ஒம்பதாவதோட நின்னவன். இவருதான் எனக்கும் பாரம் வாங்கியாந்து, கையப் புடிச்சிக் கையெழுத்து வாங்கினாரு."

"தனியா எழுதப் போனா பயமா இருக்குங்க" என்றார் முருகவேல் அண்ணன், எந்த வெட்கமும் இல்லாமல்.

அப்பா செருப்பைக் கழற்றிக்கொண்டே, "எம் பொண்ணு வூட்ல சும்மாதான இருக்கா" என்றார். அந்த 'சும்மா' எனக்குச் சுருக்கென்றது. மறுநாளே வகுப்பு ஆரம்பித்தது.

வகுப்பறை எங்கள் வராந்தா. மூன்று பக்கமும் கம்பி அடித்த, சிமெண்டுத் தரை போட்ட, செருப்பும் சைக்கிளும் நிற்கிற இடம். கரும்பலகைக்கு எங்கே போவது? நான் சாக்பீஸை எடுத்துத் தரையிலேயே எழுதினேன். கதவு நிலையில் கேள்வி ஆரம்பித்தால், ஒவ்வொரு ஸ்டெப்பாக இறங்கி, வெளிப்படிக்கட்டுக்குப் பக்கத்தில் விடை வரும். பெரிய கணக்காக இருந்தால் துளசிச் செடி வரைக்கும் போகும். அம்மா கறிவேப்பிலை பறிக்கப் போகும்போது புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஸ்டெப்புகளுக்கு நடுவே தாண்டித் தாண்டிப் போவாள்.

"ஏண்டி, நான் கோலம் போடவே எடம் இல்லாம பண்ணிட்டீங்களே. இது என்னா, எக்ஸு எக்ஸுன்னு தப்பு போட்டு வச்சிருக்கு?"

"தப்பு இல்லீங்க அக்கா. அது தெரியாத எண்ணு" என்றார் முருகவேல் அண்ணன்.

"தெரியாதத எதுக்கு இவ்ளோ பெருசா எழுதி வைக்கணும்?"

ஒவ்வொரு நாளும் முடிந்ததும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவோம். வெயிலில் காய்ந்த சிமெண்டில் தண்ணீர் விழுந்ததும் எழும் அந்தச் சாக்பீஸ் வாடையைத்தான் சொன்னேன்.

முருகவேல் அண்ணனுக்கு 'என்க' என்ற சொல்லின் மேல் காதலே வந்துவிட்டது. தேவையான எண் x என்க. "அது யாரு டீச்சர் என்கிறது?" என்று முதல் நாள் கேட்டார். யாரும் இல்லை, நாமாக அப்படி வைத்துக்கொள்கிறோம், கடைசியில் உண்மையான எண் தெரிந்துவிடும் என்றேன். "நாமளா வச்சிக்கலாமா?" என்று ஆச்சரியப்பட்டார். அப்புறம் எதற்கெடுத்தாலும் அதுதான். அம்மா காபி கொடுத்தால், "சக்கரை போட்டிருக்கு என்க." வானம் இருட்டினால், "மழை வரும் என்க." ஒரு நாள் வண்டியில் ஏறி உட்கார்ந்து, எங்கள் பிளாக்கின் வீட்டு வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்துவிட்டு, "நம்ப வூடு இதுல ஒண்ணு என்க" என்றார். அந்தோணி அண்ணன் பின்னாலிருந்து, "வாடகைக்கு விடுவியா மாமா?" என்று கேட்டார்.

ஆளும் வேலையும் கணக்கில்தான் எனக்கு வாய் வலிக்கும். பன்னிரண்டு ஆட்கள் ஒரு வேலையைப் பத்து நாட்களில் முடிக்கிறார்கள், எட்டு ஆட்கள் எத்தனை நாட்களில் முடிப்பார்கள்?

"அதே பத்து நாள்தான் டீச்சர்" என்றார் அந்தோணி அண்ணன்.

"எப்படிண்ணா? ஆள் குறையுதே."

"ஆளுதான கொறையுது? நாள் எப்படிக் கூடும்? பத்து நாள்ல முடிக்கணும்னு மேஸ்திரி சொல்லியாச்சில்ல."

முருகவேல் அண்ணன் தொண்டையைச் செருமினார். "யோவ், இது கணக்குல வர்ற மேஸ்திரி. நல்லவரு."

நான் சிரித்து முடித்துவிட்டு, ஒரே ஆள் செய்தால் எத்தனை நாள் என்று முதலில் பார்ப்போம் என்றேன். பன்னிரண்டு பேர் பத்து நாள் என்றால் ஓர் ஆளுக்கு நூற்றிருபது நாள். அதை எட்டு பேருக்குப் பங்கு போட்டால் பதினைந்து. "நூத்தி இருவது நாளு ஒரே ஆளு, பாவம்" என்றார் அந்தோணி அண்ணன். வேறு எதுவும் அவருக்குத் தோன்றவில்லை.

யாழினியின் போனில் வந்ததும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். 'வழிமுறையைக் காண்க'வை நானே அமுக்கிப் பார்த்தேன். அழகாக, வரிசையாக வந்தது. யாரும் பாவம் இல்லை.

இன்னொரு கணக்கும் மறக்கவில்லை. ஒருவர் ஒரு வாரத்தில் சைக்கிளில் எண்பத்து நான்கு கிலோமீட்டர் போகிறார், ஒரு நாளைக்குச் சராசரியாக எவ்வளவு? முருகவேல் அண்ணன் 'வாரம் = 6 நாள்' என்று நிதானமாக எழுதினார். விடை பதினான்கு என்று சுத்தமாக வந்தது. எங்கும் மிச்சம் இல்லாமல் வந்ததால் அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

"வாரத்துக்கு ஏழு நாள்ணா."

"ஒரு நாளு ஆஃப் போயிடுமே டீச்சர்."

"ஆஃபும் வாரத்துலதானண்ணா இருக்கு?"

"அதுக்குச் சம்பளம் கெடையாதே."

"வேலைக்குப் போறான்னு எங்க சொன்னாங்க? சைக்கிள்ல போறான், அவ்ளோதான்."

"ஆஃப் நாள்ல சைக்கிள எடுத்துக்கினு எங்க போறான்?"

"பூசைக்குப் போறான் மாமா. எங்க ஆளு" என்றார் அந்தோணி அண்ணன்.

அதற்குள் வெளியே வந்த அப்பா, அதைக் கேட்டதும் திரும்ப உள்ளே போனார். எங்கள் வீட்டில் ஆஃப் நாள் என்றால் கறி எடுக்கிற நாள், அப்பா தலைக்கு எண்ணெய் வைக்கிற நாள். சம்பளத்தில் பிடிக்கிற நாள் என்று ஒன்று உண்டு என்பதே எனக்கு அதுவரை உறைத்ததில்லை. பன்னிரண்டாம், பதின்மூன்றாம் வாய்ப்பாடெல்லாம் தெரிந்த எனக்கு, வாரத்துக்கு எத்தனை நாள் என்பது ஆளுக்கு ஆள் மாறும் என்பது தெரியாமல் இருந்தது. ஆனால் பரீட்சைக்கு ஏழுதான். அதை எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டேன். முருகவேல் அண்ணன் 'ஏழு, ஏழு' என்று சொல்லிக்கொண்டே வண்டியை உதைத்தார்.

இனி அவர்கள் கணக்குப் போட்ட விதத்தைச் சொல்ல வேண்டும். இதற்காகத்தான் இவ்வளவும் சுற்றி வந்தேன்.

கேள்வியை முருகவேல் அண்ணன்தான் படிப்பார், வாய்விட்டு, இரண்டு மூன்று தடவை. பிறகு முட்டி போட்டு உட்கார்ந்து 'தீர்வு' என்று எழுதிப் புள்ளி வைப்பார். கொடுக்கப்பட்டவை எவை, தேவை எது, எதை x என்க, எல்லாம் அவர் கையெழுத்தில் முத்து முத்தாக வரும். பெருக்கல் வகுத்தல் வந்ததும் கை நிற்கும். அவருக்கு வாய்ப்பாடு ஏழுக்கு மேல் ஏறாது. தலையைத் தூக்காமல், பேசாமல், சாக்பீஸைப் பக்கத்தில் நீட்டுவார். அந்தோணி அண்ணன் வாங்கிக்கொண்டு அந்த இடத்தில் உட்கார்ந்து, கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டுக் கடகடவென்று இறங்கிப் போவார். பெருக்கலில் அவர் புலி. தரையில் விரலைத் தட்டித் தட்டியே கண்டுபிடித்துவிடுவார். விடை வந்ததும் அதற்கு ஒரு கட்டம் போட்டு, "என்னா மாமா இது, பதினஞ்சு மாடா, பதினஞ்சு நாளா?" என்று கேட்பார். கேள்வியையே அவர் படித்திருக்க மாட்டார். ரயிலா, தொட்டியா, வயசா எதுவும் தெரியாது.

இது எங்கிருந்து வந்த வழக்கம் என்று அப்பாதான் சொன்னார். பெல்ட்டுக்கு அடியில் கொட்டிக் குவிந்த மண்ணை வாரி எடுக்கிற இடத்தில் ஓர் ஆள்தான் குனிந்து நிற்க முடியும். ஷவலும் இரண்டு பேருக்கு ஒன்றுதான் வைத்துக்கொள்வார்கள். ஒருவர் வாருவார். மூச்சு வாங்கியதும் ஷவலின் பிடியைப் பின்னால் நீட்டுவார். வெளியே நிற்கிறவர் வாங்கிக்கொண்டு உள்ளே நுழைவார். பக்கத்து பெல்ட்டின் சத்தத்தில் பேசினாலும் காதில் விழாது, அதனால் பேசுவதே இல்லை. எந்த வேலை எதுவரை ஆகியிருக்கிறது என்று குவியலைப் பார்த்தாலே தெரியும். வருஷக்கணக்காக இப்படித்தான்.

"ரெண்டு பேரும் சேந்து ஒரே ஆளும்மா. ரெண்டு ஆள் வேல நடக்கும். ஆனா பரீட்சையில தனித்தனியா உக்கார வைப்பாங்க, பாத்துக்க" என்றார் அப்பா.

பிரித்து உட்காரவைத்துப் பார்த்தேன். வராந்தாவின் இந்த மூலையில் ஒருவர், அந்த மூலையில் ஒருவர், நடுவில் அப்பாவின் சைக்கிள். ஒரு கணக்கு நடக்கும். இரண்டாவது கணக்கில் சைக்கிளுக்கு அடியில் சாக்பீஸ் உருண்டு போகும். "அண்ணா" என்பேன். "கை வலிச்சிது டீச்சர்" என்பார் ஒருவர். நான் கோபமாக இருப்பதாகக் காட்டிக்கொள்வேன். உண்மையில் அந்தச் சாக்பீஸ் உருண்டு போகிற சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. இருந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக இருவருக்கும் மறுபாதி வரத் தொடங்கியது. முருகவேல் அண்ணன் எட்டாம் வாய்ப்பாட்டை வண்டி ஓட்டும்போது மனப்பாடம் செய்தார். அந்தோணி அண்ணன் கேள்வியைப் படித்தார், முகத்தைச் சுளித்துக்கொண்டாவது. ஸ்டெப் எல்லாவற்றுக்கும் மார்க் உண்டு, விடை தப்பினாலும் பாதி மார்க் வரும் என்று நான் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் அப்படித்தானே.

ஹால் டிக்கெட் வந்தது. அதோடு ஒரு தாள். எல்லாக் கேள்விக்கும் நான்கு விடைகள் இருக்கும், சரியானதற்கு நேரே வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும். அவ்வளவுதான். ஸ்டெப் எழுத இடம் கிடையாது, மார்க்கும் கிடையாது.

முருகவேல் அண்ணன் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். "அப்ப 'தீர்வு'ன்னு எங்க எழுதறது?"

"எழுத வேணாம்ணா. ரஃப் தாள் தருவாங்க, அதுல போட்டுப் பாத்துக்கலாம்."

பரீட்சைக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. நான் குறுக்கு வழி சொல்லிக்கொடுத்தேன். ஓர் எண்ணின் மூன்று மடங்கோடு ஏழைக் கூட்டினால் நாற்பது, அந்த எண் என்ன? x என்றெல்லாம் வைக்க வேண்டாம். கொடுத்திருக்கிற நான்கு விடைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். ஒன்பதைப் போட்டால் முப்பத்து நான்கு, இல்லை. பதினொன்றைப் போட்டால் முப்பத்து மூன்றும் ஏழும் நாற்பது, முடிந்தது.

அந்தோணி அண்ணன் துள்ளிவிட்டார். "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே டீச்சர். செருப்புக் கடையில மாட்டிப் பாக்கற மாரி. காலுக்கு எது சேருதோ அது."

முருகவேல் அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. "என்னாடா இது, பேர வச்சிக்கினு புள்ளயத் தேடறது. மொத வரி இல்லாம ரெண்டாவது வரி எங்கேர்ந்து வரும்?"

"வரியே வேணாம்ங்கறாங்க மாமா."

"நீ அப்படியே போடு. எனக்கு வராது."

அவரோடு நான் வாதாடினேன், அப்பாவும் சொல்லிப் பார்த்தார். தலையை ஆட்டுவார், குனிந்து சாக்பீஸை எடுத்தால் கை தானாகத் 'தீர்வு' என்று எழுதிப் புள்ளி வைத்துவிடும். அதை எழுதாவிட்டால் கேள்வியே மண்டைக்குள் நுழையவில்லை என்றார். அவர் பிடிவாதம் பிடித்ததாக எனக்கு அப்போது தோன்றியது. இப்போது அப்படித் தோன்றவில்லை. அவர் அந்த வழியாகத்தான் கணக்குக்குள் வந்திருந்தார். வேறு வாசல் அவருக்குத் தெரியாது.

பரீட்சை நகரியத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்தில். முடிந்ததும் இருவரும் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். இரண்டு பேருமே வெள்ளைச் சட்டை. அன்றைக்குத்தான் அவர்களை மண் இல்லாமல் பார்த்தேன், யாரோ போல இருந்தார்கள். வழக்கமாக வண்டி நிற்பதற்குள் குதிக்கிற அந்தோணி அண்ணன், நின்ற பிறகும் கொஞ்ச நேரம் இறங்கவில்லை.

"வாரக் கணக்கு வந்துச்சு டீச்சர்" என்றார் முருகவேல் அண்ணன். "ஆறால வகுத்தா வர்றதும் கொடுத்திருந்தான், ஏழால வகுத்தா வர்றதும் கொடுத்திருந்தான். நான் ஏழுதான் போட்டேன்."

"சரிதாண்ணா. மத்ததெல்லாம்?"

"போட்டதெல்லாம் சரியாத்தான் போட்டேன். மணி அடிச்சிட்டாங்க."

பாதித் தாளுக்குக் கொஞ்சம் மேல் போயிருந்தார். ஒவ்வொரு கணக்குக்கும் ரஃப் தாளில் 'தீர்வு' எழுதி, கொடுக்கப்பட்டவை எழுதி, x என்க எழுதி, ஒழுங்காக இறங்கி, விடையைக் கட்டம் கட்டி, அப்புறம்தான் வட்டத்துக்குப் போயிருக்கிறார். பெருக்கலுக்குக் கை நின்றபோது பக்கத்தில் நீட்டப் பார்த்தாராம். அதை அவரே சொல்லிச் சிரித்தார். "பக்கத்துல ஒரு பையன் இருந்தான். பேனா வேணாங்கன்னுட்டான்."

அந்தோணி அண்ணன் எல்லாவற்றையும் போட்டிருந்தார். எப்படி எழுதினீர்கள் என்று நான் கேட்டதற்கு, கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி, "மாட்டிப் பாத்தேன்" என்று மட்டும் சொன்னார்.

முடிவு வந்தபோது எனக்கும் வேலைக்குச் சேரக் கடிதம் வந்திருந்தது. பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன், பட்டியல் போட்டுத்தான். வாசலில் மொபட் சத்தம் கேட்டது. முன்னால் முருகவேல் அண்ணன் இனிப்புப் பெட்டியோடு, பின்னால் அந்தோணி அண்ணன் வெறுங்கையோடு.

"இவன் பாஸு டீச்சர். வரமாட்டேன்னான், இழுத்துக்கினு வந்தேன். பாஸானவன் மூஞ்சியா இது, பாருங்க."

"நான் வேணான்னுதான சொன்னேன்" என்றார் அந்தோணி அண்ணன். யாரைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை. "தொணைக்கித்தான வந்தேன்."

அம்மா காபி கொண்டுவந்தாள். முருகவேல் அண்ணன் சர்க்கரை பற்றி எதுவும் சொல்லாமல் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இவன் பாஸ்ல பாதி என்னுதுதானுங்க அக்கா. மொத வரி பூரா நான்தான போட்டுக் குடுத்தேன்" என்றார். சிரிப்போடுதான் சொன்னார். அம்மாவும் "ஆமா, பின்ன" என்றாள். அந்தோணி அண்ணன் எழுந்து போய், வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். வராந்தா கம்பி இடுக்கில் கடைசியாக வைத்த சாக்பீஸ் துண்டு இருந்தது. நானும் அவர்கள் இருவரும் அதைப் பார்த்தோம், யாரும் எடுக்கவில்லை.

நான் படித்த கணக்கில் பாதிக்கு மதிப்பு உண்டு. அரை என்று எழுதலாம், ஒன்றின் கீழ் இரண்டு என்று எழுதலாம். பாதி பர்மனென்ட் என்று ஒன்று எழுத முடியாது.

அதற்குப் பிறகு நடந்தவை அப்பா போனில் துண்டு துண்டாகச் சொன்னவை. அந்தோணி அண்ணனை வேறு பிரிவில் போட்டார்கள். ஷிஃப்ட் சுற்று மாறிப்போனது. இவர் முதல் ஷிஃப்ட் என்றால் அவர் இரண்டாவது. ஒரே மொபட்டில் வர வழியே இல்லை. கொஞ்ச நாள் அந்தோணி அண்ணன் சைக்கிளில் வந்தார், அப்புறம் சொந்த வண்டி வாங்கினார். சண்டை எதுவும் இல்லை. எதிர் எதிரே ரோட்டில் பார்த்தால் கையைத் தூக்குவார்கள், மாமா, மாப்ள எல்லாம் அப்படியேதான். "ஆனா ஷவலு ரெண்டு வாங்கிட்டாங்கம்மா" என்று ஒரு நாள் சொன்னார் அப்பா. முருகவேல் அண்ணனோடு வேலைக்குப் போட்ட புது ஆள் தனக்கென்று ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டானாம். அதில் தப்பு என்ன இருக்கிறது?

போன மாதம் ஒரு சான்றிதழ் வேலையாக அப்பாவோடு நெய்வேலிக்குப் போனேன். அப்பா ஓய்வு பெற்றுப் பண்ருட்டிக்கு வந்துவிட்டார் என்பதால் எங்களுக்கு அங்கே இப்போது இறங்க வீடு கிடையாது. வேலை முடிந்ததும் பழைய பிளாக்குக்கு நடந்தோம். அந்த வரிசையில் பெரும்பாலும் ஆள் இல்லை. எங்கள் வீட்டுச் சுவரில் எண் மட்டும் இருக்கிறது. கதவு கிடையாது, வராந்தாக் கம்பியையும் கழற்றிவிட்டார்கள். தரை முழுக்க வேப்பஞ்சருகு. அப்பா செருப்பால் கொஞ்சம் ஒதுக்கிப் பார்த்தார். வெறும் சிமெண்டு.

ஆர்ச் கேட் பக்கம் பஸ்ஸுக்கு நின்றபோது ஒரு ஸ்கூட்டர் எங்களைத் தாண்டிப் போய், நின்று, திரும்பி வந்தது. அந்தோணி அண்ணன். தலை நரைத்திருந்தது. சிரித்தால் இப்போதும் கண் மூடிக்கொள்கிறது. குவார்ட்டர்ஸ் கொடுத்திருக்கிறார்கள், பையன் இங்கேயே படிக்கிறான் என்றார். முருகவேல் அண்ணனின் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதாம். பஸ்ஸிலேயே போய் வந்து பிளஸ் டூ முடித்ததாம்.

"அவரு எப்படிண்ணா இருக்காரு?"

"இருக்காரு. ஊருக்குப் போனா பாத்துக்கினுதான் வருவேன். பேசறதெல்லாம் பேசறாரு டீச்சர்." ஹெல்மெட்டின் வாரை இழுத்து இழுத்து விட்டார். "வா மாமா, எங்க போவணும், எறக்கி வுடறேன்னா மட்டும், எங்கிட்ட வண்டி இருக்குங்கறாரு."

பஸ் வந்தது. ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். இப்படி ஓர் ஊரை விட்டுக் கிளம்பும்போது என்னென்ன போய்விட்டது என்று பட்டியல் போடுவது என் வழக்கம். கதவு, வராந்தாக் கம்பி, துளசிச் செடி, அம்மா தாண்டித் தாண்டிப் போன நடை. அம்மா போய் மூன்றாவது வருஷம். அதற்கு மேல் பட்டியல் நகரவில்லை.

காடாம்புலியூருக்குக் கொஞ்சம் முன்னால் பஸ் ஒரு மொபட்டைத் தாண்டியது. அதே மொபட், சத்தத்திலேயே தெரிந்தது. முருகவேல் அண்ணன் முதுகை நேராக வைத்துக்கொண்டு ஓட்டிப் போனார். வாய் எதையோ சொல்லிக்கொண்டிருந்தது, வாய்ப்பாடாகக்கூட இருக்கலாம். ஜன்னலில் கையை நீட்டினேன். அவர் பார்க்கவில்லை. சீட்டின் முன்பாதியில் ஒட்டி உட்கார்ந்திருந்தார், இரண்டு பேர் வருகிற வண்டியில் உட்காருவது போல. பின்பாதியில் சோற்றுத் தூக்கை வைத்துக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்.